விறகு பிளக்கும் கோடாலி: பார்த்து வாங்குவோம், பார்த்துப் பிடிப்போம்



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் கடன் தவணை பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு குழுவின் ஊக்குநர் எழுந்து, "எங்க உறுப்பினர் ஒருத்தங்க ரெண்டு தவணை கட்டல. ஏமாத்தலக்கா, கால்ல வெட்டுப்பட்டு வீட்டுல கெடக்காங்க" என்றார். விசாரித்தோம். வீட்டுக்காரர் வேலைக்குப் போன நேரத்தில் அவருடைய கோடாலியை எடுத்து, வேப்பங்கட்டையை இடது காலால் மிதித்துக்கொண்டு பிளந்திருக்கிறார். கோடாலி கட்டையில் பட்டு வழுக்கி, முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஏழு தையல். மூன்று வாரமாக வாழைத் தோட்ட வேலைக்குப் போக முடியவில்லை. தவணையைக் குழு தள்ளி வைத்தது சரி. ஆனால் அந்த மூன்று வாரக் கூலியை யார் தருவார்கள்?

"கட்டையைக் காலால் மிதித்துப் பிளக்கிறவர்கள் கை தூக்குங்கள்" என்று அன்றைக்குக் கேட்டோம். ஏகப்பட்ட கைகள். கேட்ட எனக்கே என் கையும் தூக்க வேண்டியதுதான்! அதனால்தான் இந்தக் கட்டுரை.

"இப்ப யாரு விறகு எரிக்கிறா, எல்லார் வீட்டுலயும் கேஸ் இருக்கே" என்று சிலர் சொல்வார்கள். 2007-ல் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுக்கத் தொடங்கியது, 2016-ல் உஜ்வாலா திட்டம் வந்தது. எல்லாம் உண்மை. காபி போடவும் குழம்பு வைக்கவும் கேஸ்தான். ஆனால் குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, நெல் அவிக்க, குழுத் தொழிலாக முறுக்கு, அதிரசம் சுட, விசேஷச் சமையல் எடுத்துச் செய்ய என்று வந்தால் விறகுதான். திருவானைக்காவலிலிருந்து கல்லணை ரோட்டில் திருவளர்சோலை, பனையபுரம், உத்தமர்சீலி என்று போய்ப் பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கு இல்லாத வீடு குறைவு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறோம். வேம்பு, புளி, பூவரசு, சீமைக்கருவேலம் என்று ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கும்.

அந்த விறகைச் சுமப்பதும் பிளப்பதும் நாம்தான். கோடாலி மட்டும் ஆம்பளைக்கு ஏற்ற மாதிரி வாங்கியதாக இருக்கும்.

எந்தக் கோடாலி வாங்கலாம்?

மரம் வெட்டும் கோடாலி வேறு, விறகு பிளக்கும் கோடாலி வேறு. வெட்டுகிற கோடாலியின் தலை மெல்லியதாக இருக்கும், மரத்துக்குள் ஆழமாகப் போகும். பிளப்பதற்கு அது உதவாது. உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், பிடுங்குவதற்குள் இடுப்பு போய்விடும். பிளக்கிற கோடாலியின் தலை ஆப்பு மாதிரி. வாய் ஒடுங்கி, பின்னால் போகப் போகத் தடிக்க வேண்டும். மரத்தில் இறங்கும்போதே இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டே இறங்கும்.

கடையில் தலை ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ, இரண்டு கிலோ என்று கிடைக்கும். "கனமா இருந்தாத்தான் நல்லாப் பொளக்கும்" என்று கடைக்காரர் சொல்லுவார். முழுக்க நம்பிவிடாதீர்கள். கோடாலியின் எடையை இரண்டு மடங்காக்கினால் அடியின் பலம் இரண்டு மடங்குதான் கூடும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் அடியின் பலம் நான்கு மடங்காகும். தூக்க முடியாத கோடாலியைத் தூக்கினால் வேகமும் வராது, குறியும் நிற்காது. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை போதும். கடையிலேயே பத்து தடவை தலைக்கு மேல் தூக்கி இறக்கிப் பாருங்கள். பத்தாவது தடவை கை நடுங்கினால் அது உங்கள் கோடாலி இல்லை. யார் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

காந்தி மார்க்கெட் பக்கத்து இரும்புக் கடையில் வாங்கினாலும் சரி, ஊர்ப் பட்டறையில் ஆசாரியிடம் சொல்லி அடித்தாலும் சரி, தலையை ஒரு கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். 'டப்' என்று அடங்கிப்போனால் உள்ளே விரிசல் இருக்கலாம். பட்டறையில் அடிப்பதில் ஒரு வசதி உண்டு. உங்கள் உயரத்தையும் என்ன மரம் பிளக்கப் போகிறீர்கள் என்பதையும் சொன்னால் அதற்கேற்றபடி செய்து தருவார்.

காம்புதான் முக்கியம்

சொந்த இனத்தையே கெடுப்பவரை 'கோடாலிக் காம்பு' என்று திட்டுவோம். மரத்தில் செய்த காம்புதானே மரத்தை வெட்டுகிறது! நம் ஊரில் அந்தக் காம்பு, அதைப் பிடித்தவரையே கெடுப்பதுதான் அதிகம்.

குட்டைக் காம்பு பாதுகாப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். நேர் எதிர். காம்பு குட்டையாக இருந்தால், அடி தவறும்போது கோடாலி வளைந்து நம் கால் பக்கமே வரும். நீளமாக இருந்தால் தவறினாலும் முன்னால் தரையில் குத்தி நிற்கும். கோடாலித் தலையை உள்ளங்கையில் பிடித்துக் கையை நீட்டுங்கள். காம்பின் நுனி அக்குள் வரை வந்தால் அளவு சரி. ஏறக்குறைய இரண்டேகால் அடி, இரண்டரை அடி வரும்.

காம்புக்கு நாட்டுக் கருவேலம் நல்லது, புளியும் ஆகும். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மரத்தின் ரேகை காம்பின் நீளத்துக்கு நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். குறுக்கே ஓடினாலோ கணு இருந்தாலோ அந்த இடத்தில் ஒருநாள் ஒடியும். பெயின்ட் அடித்த காம்பை வாங்காதீர்கள், பெயின்ட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. பிடி, உங்கள் கைக்கு அடங்குகிற பருமனில் இருக்க வேண்டும். பருத்த காம்பைச் சீவி, கண்ணாடிச் சில்லால் வழவழப்பாகச் சுரண்டி, கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்ளலாம்.

காம்பு மாட்டுவதில் இரண்டு விதம் உண்டு. துளை வட்டமாக உள்ள நாட்டுக் கோடாலியில் காம்பை மேலிருந்து நுழைப்பார்கள். காம்பின் தடித்த முனை மேலே நிற்பதால் ஓங்க ஓங்கத் தலை இறுகும். மற்றதில் கீழிருந்து நுழைத்து, மேலே ஆப்பு அடிப்பார்கள். ஆப்பு கழன்றால் தலையும் பறக்கும். காம்பு ஆடினால் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? ராத்திரி தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறோம். காலையில் ஜம்மென்று இறுகியிருக்கும். மத்தியானம் வெயிலில் காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். ஊறவைத்தது வைத்தியம் இல்லை. காம்பைக் கழற்றி மறுபடி மாட்டி, சரியான ஆப்பு அடிக்க வேண்டும். துணியும் தகரமும் செருகி ஓட்டுவதும் வேண்டாம்.

ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் தலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இம்மி ஆடினாலும் அன்றைக்கு அந்தக் கோடாலி வேண்டாம்.

பிளக்கும்போது

விறகைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்து அடுக்கிவிடுவது நல்லது. சவுக்கும் தைலமரமும் காய்ந்தபின் கல்லாகிவிடும். பிளந்த விறகு சீக்கிரம் காயும், காய்ந்த விறகில் புகையும் குறைவு. புளியும் வேம்பும் நார் பின்னிப் பிணைந்த மரங்கள், அவற்றின் தூரோடு மல்லுக்கட்டாதீர்கள். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்து எடுக்கலாம், நடுவில் போட்டால் கோடாலி மாட்டும். தென்னை நடுமரம் வெறும் நார், அது கோடாலிக்கு ஆகிற வேலையே இல்லை. ஆற்றில் அடித்து வந்த கட்டை என்றால் வெடிப்புகளில் மணலும் கூழாங்கல்லும் இருக்கும். கழுவித் தட்டிவிட்டுப் பிளந்தால் வாய் மழுங்காது. சீமைக்கருவேலத்தில் முதலில் அரிவாளால் முள்ளைக் கழித்துவிடுங்கள்.

அடியில் ஒரு கட்டை கட்டாயம் வேண்டும். கறிக்கடையில் புளியங்கட்டை பார்த்திருப்பீர்கள், அதுமாதிரி அகலமானது. உயரம் ஒரு அடி போதும். சிமென்ட் தரையிலோ கல்லின் மேலோ பிளந்தால் கோடாலி எகிறும், வாயும் போகும். விறகை அந்தக் கட்டையின் மேல், நமக்கு எதிர்ப்பக்க ஓரத்தில் நிறுத்த வேண்டும். அப்போது அடி தவறினாலும் கோடாலி கட்டையில்தான் குத்தும். நிற்காத விறகா? ஒரு பழைய சைக்கிள் டயரைக் கட்டையின் மேல் வைத்து அதற்குள் நிறுத்துங்கள். காலால் மிதிக்காதீர்கள். கையால் பிடிக்காதீர்கள். பிள்ளையைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்லவே சொல்லாதீர்கள். பிள்ளைகளும் கோழியும் ஆடும் பதினைந்து அடிக்கு அப்பால் இருக்கட்டும். மேலே துணிக்கொடி இருக்கிறதா, மரக்கிளை தாழ்ந்திருக்கிறதா என்றும் ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள்.

கால் இரண்டையும் தோள் அகலத்துக்கு விரித்து, சமமாக நிற்க வேண்டும். ஒரு காலை முன்னால் வைக்காதீர்கள், வெட்டுப்படுவது அந்தக் கால்தான். தூக்கும்போது ஒரு கை தலைக்குப் பக்கத்தில் இருக்கும். இறக்கும்போது அந்தக் கை வழுக்கிக்கொண்டு வந்து மற்றக் கையோடு சேரும். கோடாலி இறங்கும்போது முழங்காலும் கொஞ்சம் மடங்க வேண்டும். உலக்கை போடத் தெரிந்தவர்களுக்கு இது சீக்கிரம் வரும், நாமும் சேர்ந்து குனிகிற அதே அசைவுதான். விறகின் நடுவைப் பார்க்காமல், ஏற்கெனவே வெடிப்பு விட்டிருக்கிற கோட்டைப் பார்த்துப் போடுங்கள். மரமே வழி காட்டும்.

முந்தானையை இழுத்துச் செருகி, புடவையைத் தூக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். ரப்பர் செருப்பு வேண்டாம், ஈரத்தில் வழுக்கும். மகனுடைய பழைய பள்ளிக்கூட ஷூ இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். வெறுங்காலுக்கு அது எவ்வளவோ மேல். விறகு அடுக்கில் நேராகக் கையை விடாதீர்கள், முதலில் ஒரு கம்பால் தட்டுங்கள். தேளும் கட்டுவிரியனும் குடியிருக்கிற இடம் அது.

மாட்டிக்கொண்டால்

கோடாலி கட்டையில் மாட்டினால் காம்பைப் பக்கவாட்டில் ஆட்டாதீர்கள், காம்பு ஒடியும். காம்பின் நுனியில் உள்ளங்கையால் மேலிருந்து கீழாகத் தட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். சிலர் கோடாலியின் முதுகில் இன்னொரு கோடாலியாலோ சுத்தியாலோ அடிப்பார்கள். இது மிகவும் ஆபத்து. இரும்போடு இரும்பு மோதிச் சில்லு தெறித்தால் நேராகக் கண்ணுக்கு வரும். பெரிய கட்டைக்கு இரும்பு ஆப்பும் சம்மட்டியும் தனியாக இருக்கின்றன. ஆப்பின் தலை அடிபட்டுப் பூவாக விரிந்திருந்தால் அதையும் அரத்தால் ராவிய பிறகே உபயோகிக்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. பிளவுக்குள் விரலை விட்டு ஆப்பைப் பிடுங்கவும் கூடாது. ஆப்பசைத்த குரங்கின் கதை நமக்குத் தெரியாததா!

மழுங்கிய கோடாலி கூரான கோடாலியைவிட ஆபத்து, ஏனென்றால் அது கடிக்காமல் வழுக்கும். அதற்காகச் சவரக்கத்தி மாதிரி தீட்ட வேண்டாம். வாயில் பல் விழாமல் அரத்தால் இரண்டு பக்கமும் சமமாக ராவினால் போதும். தெருவில் சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் பக்கத்திலேயே நின்று, அடிக்கடி தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள். சூடேறி வாய் நீலம் பாரித்துவிட்டால் இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் பட்டறையில் காய்ச்சித் தோய்த்தால்தான் சரியாகும்.

வெட்டுப்பட்டுவிட்டால், சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். காலை உயர்த்தி வையுங்கள். காபித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம், தையல் போடும் டாக்டர் முதலில் அதைக் கழுவி எடுக்கவே பாடுபடுவார். விரல் துண்டானால் அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். ஐஸ் நேராக விரலில் படக்கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள். சின்ன வெட்டானாலும் அன்றைக்கே போய் தடுப்பு ஊசி பற்றிக் கேளுங்கள். "மாசமா இருக்கும்போது போட்டதே போதும்" என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

இன்னொரு விஷயம். நல்ல கோடாலி, இரண்டு இரும்பு ஆப்பு, ஒரு சம்மட்டி, ஒரு அரம் இவ்வளவையும் ஒவ்வொரு வீட்டிலும் வாங்கி வைக்கத் தேவையில்லை. குழுவுக்கு ஒன்றாக வாங்கி, நோட்டில் எழுதிவிட்டு எடுத்துப்போய்த் திருப்பித் தரலாம். சமையல் தொழில் செய்கிற குழுக்கள் இதை முதலில் செய்யலாம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது அவரவர் வீட்டுக் கோடாலியை எடுத்து வாருங்கள். காம்பு ஆடுகிறதா, அளவு சரியா என்று எல்லாரும் சேர்ந்து பார்ப்போம். பஸ்ஸில் வருகிறவர்கள் வாய்ப்பக்கம் சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டிக் கொண்டுவரவும்.