மேடை நிகழ்ச்சிகளைப் படமெடுப்பதற்கான அனுமதி

மேடை நிகழ்ச்சிகளைப் படமெடுப்பதற்கான அனுமதி என்பது, இசைக்கச்சேரி, நடனம், நாடகம், கூத்து முதலியவை நடக்கும்போது ஒளிப்படமோ காணொளியோ எடுப்பதற்குப் பெறவேண்டிய ஒப்புதலைக் குறிக்கும். செய்தியாளர்களும் அமைப்பாளர் அமர்த்திய ஒளிப்படக் கலைஞர்களும் இதை முன்கூட்டியே பெற்றுவிடுகின்றனர். பொழுதுபோக்காகப் படமெடுக்கும் ஆர்வலர்கள் தாமாகவே கேட்டுப் பெறவேண்டும். அரங்கின் ஒப்புதல், கலைஞரின் ஒப்புதல், படத்தைப் பயன்படுத்துவதற்கான ஒப்புதல் என இதில் மூன்று கூறுகள் உள்ளன. ஒன்று கிடைத்தால் மற்றவையும் கிடைத்துவிட்டதாகக் கொள்ளமுடியாது.

அரங்கின் ஒப்புதல்

நுழைவுச்சீட்டு வாங்குபவர் அரங்கின் நிபந்தனைகளை ஏற்றே உள்ளே செல்கிறார். இலவச நிகழ்ச்சியிலும் அமைப்பாளர் நிபந்தனை விதிக்கலாம். சென்னையின் மார்கழிக் கச்சேரிகளில், பதிவு செய்யவேண்டாம் என்று தொடக்கத்திலேயே அறிவிப்பது வழக்கம். பெரிய ராக் இசை நிகழ்ச்சிகளில், அனுமதிச் சீட்டு பெற்ற ஒளிப்படக் கலைஞர்களும் முதல் மூன்று பாடல்கள் வரை மட்டுமே, அதுவும் பிளாஷ் இன்றி, படமெடுக்கலாம் என்ற நடைமுறை பரவலாக உள்ளது. தெருக்கூத்து போன்ற திறந்தவெளி நிகழ்ச்சிகளில் வாயிற்கட்டுப்பாடு இல்லை. அங்கே கூத்து வாத்தியாரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்பது முறையாகும்.

தடைக்கான காரணங்கள்

பிளாஷ் ஒளி ஆடுபவரின் கண்ணைக் கூசச்செய்து அடி தவறவைக்கலாம். ஆலாபனையின் அமைதியில் ஷட்டர் ஒலி தெளிவாகக் கேட்கும். உயர்த்திப் பிடித்த கைப்பேசியின் வெளிச்சம் பின்வரிசையில் இருப்பவர்களுக்கு மேடையை மறைக்கும். முக்காலி நடைவழியை அடைக்கும்.

சட்ட நிலை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இல் 1994 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் நிகழ்த்துநர் உரிமை சேர்க்கப்பட்டது. பாடகர், இசைக் கலைஞர், நடனக் கலைஞர், நடிகர் மட்டுமன்றி வித்தை காட்டுபவரும் சொற்பொழிவாளரும் இதில் அடங்குவர். இவ்வுரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும். நிகழ்ச்சியை ஒலியாகவோ காட்சியாகவோ பதிவுசெய்ய நிகழ்த்துநரின் ஒப்புதல் தேவை. சொந்தப் பயன்பாடு, கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றுக்கான பதிவுகளுக்குச் சட்டம் விலக்களிக்கிறது.

சட்டம் கூறும் காட்சிப் பதிவு அசையும் படங்களையே குறிக்கிறது. எனவே காணொளிக்கும் ஒளிப்படத்துக்கும் வேறுபாடு உண்டு. ஒளிப்படத்தின் பதிப்புரிமை பொதுவாக அதை எடுத்தவருக்கே உரியது. அவரது ஆயுட்காலமும் அதற்குப்பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். ஆயினும் அரங்கின் தடையை மீறியவரை வெளியேற்ற அமைப்பாளருக்கு உரிமை உண்டு.

பயன்படுத்துவதற்கான ஒப்புதல்

படம் எடுத்தவருக்குப் பதிப்புரிமை இருந்தாலும் அவர் அதை எந்த விளம்பரத்துக்கும் விற்கலாம் என்று பொருளாகாது. ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2015 இல், புகழ்பெற்ற ஒருவரின் பெயரையும் உருவத்தையும் ஒப்புதலின்றி வணிகத்துக்குப் பயன்படுத்துவதற்கு எதிரான ஆளுமை உரிமையை ஏற்றுக்கொண்டது. விக்கிமீடியா பொதுவகம் போன்ற தளங்களில் பதிவேற்றும்போதும் கவனம் தேவை. அங்கு ஏற்கப்படும் கட்டற்ற உரிமங்கள் பிறரின் வணிகப் பயன்பாட்டையும் அனுமதிப்பவை. கொடுத்த உரிமத்தைத் திரும்பப்பெற இயலாது. சொந்த ஆர்வத்துக்காக என்று கூறி அனுமதி பெற்றவர், பதிவேற்றும் முன் கலைஞரிடம் மீண்டும் கேட்பதே நேர்மையாகும்.

அனுமதி கேட்கும் முறை

நிகழ்ச்சிக்குச் சில நாள்களுக்கு முன்பே அமைப்பாளருக்கும் கலைஞருக்கும் எழுதிக் கேட்கலாம். எங்கிருந்து எடுப்பது, எந்தப் பகுதியில் எடுப்பது, படங்களை எங்கு வெளியிடுவது என்பவற்றைத் தெளிவாகக் குறிப்பிடவேண்டும். பதிலை எழுத்தில் பெற்றுப் பாதுகாப்பது நல்லது. எடுத்த படங்களைக் கலைஞருக்கும் அனுப்புவது நல்ல வழக்கம். தமக்கென ஒளிப்படக் கலைஞரை அமர்த்த வசதியில்லாத இளங்கலைஞர்களுக்கும் கூத்துக் குழுக்களுக்கும், ஆர்வலர் ஒருவர் எடுக்கும் படங்களே அவர்களது மேடை வாழ்வின் ஆவணமாக அமையக்கூடும்.