வாரத்தில் ஒரு மாலை வீட்டுக்கு



பிரம்மதேசம் சுற்று வட்டாரத்திலிருந்து மரக்காணம் உப்பளத்துக்கு வேலைக்குப் போகும் தாய் தந்தையர் விடியும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் விளைந்த உப்பை வாரிக் கரையேற்றியாக வேண்டும். பிள்ளைகள் கண் விழிக்கும்போது பெற்றோர் வீட்டில் இல்லை. பள்ளி விட்டு வரும்போது பெற்றோர் களைத்துப் படுத்திருக்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் இருந்தும் முகம் பார்த்துப் பேச நேரமில்லை.

ஒரு தம்பதியர் கூட்டத்தில், "வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கடைசியாகச் சாப்பிட்டது எப்போது?" என்று கேட்டேன். உப்பளத் தொழிலாளி ஒருவர் சற்று யோசித்து, "பொங்கலுக்குங்க" என்றார். அப்போது ஆடி மாதம்! கூட்டமே சிரித்தது. அவருடைய மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

அந்த அம்மாதான் அடுத்த வாரமே இதை ஆரம்பித்தார். மூன்றாவது வாரம் சாப்பிடும்போது சின்னப் பையன் வாய் தவறிச் சொல்லிவிட்டான்: "அக்கா பத்து நாளா ஸ்கூலுக்கே போவல." ஒன்பதாவது படிக்கும் பெண். பிரேயரில் மயங்கி விழுந்தவள், வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். "படிப்புல நாட்டமில்ல, ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துடுங்க" என்று உறவில் பேச்சுகூடத் தொடங்கியிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்த்தார்கள், இரத்தச் சோகை. மாத்திரையும் முருங்கைக்கீரையுமாகச் சில வாரங்களில் தெம்பு வந்தது. பெண் மறுபடி பள்ளிக்குப் போனாள். ஒரு வேளைச் சோற்றை ஒன்றாகச் சாப்பிட்டதால் கிடைத்த பலன் இது!

இது புதிய வழக்கமா?

இல்லை. வெள்ளிக்கிழமை விளக்கு, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், ஜும்ஆ தொழுகை, ஞாயிறு பூசை என்று வாரத்தில் ஒரு நாளைத் தனியே வைத்தவர்கள் நம் பெரியவர்கள். பம்பாய் மில் தொழிலாளர்களுக்கு ஞாயிறு விடுமுறை கேட்டுப் போராடி, 1890-ல் அதைப் பெற்றுத் தந்தவர் நாராயண் மேகாஜி லோகாண்டே. ஆனால் தினக்கூலிக்குப் போகிறவருக்கு வேலை செய்யாத நாளில் கூலி இல்லை. ஆகவே ஒரு முழு நாளைக் கேட்கவில்லை. ஒரு மாலையில் இரண்டு மணி நேரம் போதும்.

எந்த மாலை?

கூலி கைக்கு வரும் நாளின் மாலையே நல்லது. பணம் வேறு பக்கம் போவதும் அன்றைக்குத்தான். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்துப் பலர் மாண்டதை இப்பகுதி மறக்காது. "அப்பா இன்னிக்கு சீக்கிரம் வருவாரு" என்று பிள்ளைகள் வாசலில் காத்திருந்தால், கால் தானாக வீட்டுப் பக்கம் திரும்பும்.

என்ன செய்ய வேண்டும்?

1. கை, கால் கழுவி எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். உப்பு நீரில் நின்ற கால்களை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, பாதத்தில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். புண், வெடிப்பு இருந்தால் அன்றே கண்ணில் படும்.

2. ஒன்றாகச் சாப்பிடுங்கள். கறி, மீன் வேண்டுமென்பதில்லை. கீரையும் சோறும் போதும். பரிமாறுகிற அம்மாவும் கூடவே உட்கார வேண்டும்.

3. ஒவ்வொருவரும் அந்த வாரத்தில் நடந்த ஒரு நல்லதையும் ஒரு கஷ்டத்தையும் சொல்லட்டும். கடைக்குட்டி முதலில் பேசட்டும்.

4. பிள்ளைகளின் நகத்தை வெட்டுங்கள். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள்.

5. உண்டியலில் முடிந்ததைப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளம் மூடும்போது வட்டிக்கு வாங்காமல் அது கைகொடுக்கும்.

என்ன செய்யக் கூடாது?

அந்த நேரத்தில் மார்க்கு, கடன், மாமியார் சண்டை வேண்டாம். பிள்ளை உண்மையைச் சொன்னதற்காக அடிக்க வேண்டாம். அடித்தால் அடுத்த வாரம் வாய் திறக்காது. செல்போனைப் பரண்மேல் வையுங்கள். ஒரு வாரம் தவறினால், "போச்சு" என்று விட்டுவிடாமல் அடுத்த வாரம் தொடருங்கள்.

பிள்ளைகள் தூங்கிய பிறகு

கணவனும் மனைவியும் இன்னும் கால் மணி நேரம் பேசுங்கள். "ஏங்க, அடுத்த கொழந்தை இப்ப வேணுமா?" என்று கேட்க மனைவிக்கும், காது கொடுத்துக் கேட்கக் கணவனுக்கும் வேறு நேரம் ஏது? இரண்டு குழந்தைகளுக்கு இடையே மூன்று ஆண்டு இடைவெளி விடுவது தாய்க்கும் சேய்க்கும் நல்லது. அதற்கான முறைகளைச் செவிலியர் இருவருக்கும் சேர்த்தே விளக்கிச் சொல்வார். இருவரும் பேசி எடுத்த முடிவே நிலைக்கும்.

தம்பதியரே! பாத்தியில் உப்பு விளையக் காத்திருக்கத் தெரிந்தவர்கள் நீங்கள். வீட்டில் விளைவதையும் வாரம் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். வருகிற கூலி நாளிலேயே தொடங்குங்கள்!