இடைமுகமும் உழைப்போர் சொல்லும்

கணினித் திரையின் அமைப்பு வெறும் தொழினுட்பச் சிக்கலன்று. யாருடைய அறிவு அறிவாக ஏற்கப்படுகின்றது என்னும் வினாவும் அதில் அடங்கியுள்ளது. ஸ்கண்டினேவிய நாடுகளில் 1981 முதல் நடைபெற்ற ‘உட்டோப்பியா’ ஆய்வுத்திட்டம் இதனைத் தெளிவுறுத்திற்று. அச்சுத் தொழிலாளர் சங்கத்தினரும் ஆய்வாளரும் இணைந்து, அட்டையாலும் ஒட்டுப்பலகையாலும் மாதிரிகளை அமைத்து, அவற்றில் வேலை செய்து பார்த்தனர். பயன்படுத்துவோர் தடுமாறின் குறை மாதிரியினதே என்பது இத்தகைய சோதனையின் அடிப்படை.

மண்டைதீவுக்கும் இம்முறை பொருந்தும். காற்றுநிலையை மீனவர்க்கு அறிவிக்கும் செயலியொன்றை மாணவர் ஆக்க முனைவதாகக் கொள்வோம். பாடநூற் பழக்கத்தால் அவர் ‘தென்மேற்கு’ என்றெழுதுவர்; கடற்றொழிலாளர் வழக்கோ சோளகம். திசையோடு பருவத்தையும் ஒருசேர உணர்த்துஞ் சொல் அது. எனவே முதலில் திரைகளைத் தாளில் வரைக. ஒருவர் கணினியாக நின்று தாள்களை மாற்ற, மீனவர் விரலால் தொட்டுச் செல்லட்டும். அவர் தயங்குமிடத்தை, விளக்கங் கூறாது, குறித்துக்கொள்ள வேண்டும். தாளைத் திருத்தல் எளிது. எழுதி முடித்த நிரலைத் திருத்தல் அரிது.

ஆதலின் நிரலாக்கக் கல்வி மீன்வாடியிலும் நிகழ வேண்டுமென நாம் கருதுகின்றோம். ஆயினும், சோதனைக்கு மட்டும் மீனவரை அழைத்து, முடிவெடுக்கும் உரிமையை அவருக்கு மறுப்பின், அது அவரது அறிவையும் சுரண்டுவதாகவே முடியும்.