ஒதுக்கியது காங்கிரஸ்... பூட்டியது அதிபர்! அமெரிக்க கஜானா சாவி யார் கையில்?

ஆறு தீப்பிடித்து எரியுமா? 1969-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில் எரிந்தது. கயஹோகா ஆற்றில் மிதந்த எண்ணெய்க் கழிவுதான் காரணம். அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ், 1972-ல் தூய நீருக்கான சட்டத்தைக் கொண்டுவந்தது. நகரங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டிக்கொள்ள, மூன்று ஆண்டுகளுக்கு 1,800 கோடி டாலர் வரை அதில் இடம் இருந்தது.

செலவு அதிகம் என்று அதிபர் ரிச்சர்ட் நிக்ஸன் வீட்டோ போட்டார். மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளோடு காங்கிரஸ் அதைத் தோற்கடிக்க, மறுநாளே சட்டம் நிறைவேறிவிட்டது. கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால், முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பிரித்துத் தர வேண்டிய 1,100 கோடியில் 500 கோடிக்கு மேல் தரக் கூடாது என்று உத்தரவிட்டார் நிக்ஸன். பிள்ளைகளின் ஃபீஸுக்கு எடுத்துவைத்த பணத்தை பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது மாதிரிதான் இது!

நியூயார்க் நகரம் கோர்ட்டுக்குப் போனது. 1975-ல் உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டப்படி தொகையைக் குறைக்க இடமில்லை என்றது. அரசமைப்புப்படியே அதிபருக்கு அந்த அதிகாரம் உண்டா என்ற பெரிய கேள்விக்குள் அது போகவில்லை.

இதற்கிடையே, 1974 ஜூலையில் காங்கிரஸ் ஒரு கடிவாளம் போட்டது. ஒதுக்கிய பணத்தை ரத்து செய்ய நினைத்தால், அதிபர் காங்கிரஸிடம் கேட்க வேண்டும். 45 நாள்களுக்குள் சம்மதம் கிடைக்காவிட்டால் பணத்தை விடுவித்தே ஆக வேண்டும். வாட்டர்கேட் ஊழலில் சிக்கித் தவித்த நிக்ஸனே அதில் கையெழுத்திட்டார். நான்கு வாரத்தில் பதவியும் போனது.

ஆனால், அந்த 45 நாள்களிலேயே ஓர் ஓட்டை இருந்தது. அமெரிக்காவின் நிதியாண்டு செப்டம்பர் 30-ல் முடிகிறது. அன்றோடு காலாவதியாகும் பணத்தை ரத்து செய்யச் சொல்லி ஆகஸ்ட் கடைசியில் கடிதம் அனுப்பினால் போதும். காங்கிரஸ் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். காலண்டரே காரியத்தை முடித்துவிடும். 'பாக்கெட் ரெஸிஷன்' என்று இதற்குப் பெயர்.

2025 ஆகஸ்ட் இறுதியில் டொனால்டு ட்ரம்ப் இதைத்தான் செய்தார். வெளிநாட்டு உதவிக்கென ஒதுக்கிய 490 கோடி டாலரை ரத்து செய்யக் கோரினார். இது சட்டவிரோதம் என்பது காங்கிரஸின் தணிக்கை அமைப்பின் நிலைப்பாடு. சட்டப்படி சரிதான் என்றது வெள்ளை மாளிகை.

செப்டம்பர் 26-ல் உச்ச நீதிமன்றம், சுமார் 400 கோடி டாலரை நிறுத்திவைக்க இடைக்கால அனுமதி கொடுத்தது. மூன்று நீதிபதிகள் உடன்படவில்லை. நான்கே நாளில் நிதியாண்டு முடிந்துவிட்டது.