ஊரை விழுங்கிய மௌனம்

பேய்க் கதை என்றதும் சிரிப்பவர்கள் உண்டு. "பட்டம் படிக்கும் வயதில் பேய்க் கதையா?" என்று கேட்பவர்களும் உண்டு. நானும் அப்படிக் கேட்டவன்தான். ஒருநாள் நம் கல்லூரி நூலகத்தில், ஆங்கில நாவல்கள் அடுக்கியிருந்த அலமாரியில் 'சேலம்ஸ் லாட்' என்றொரு நூலைக் கண்டேன். மாம்பழத்துக்குப் பேர்போன நம் சேலத்தைப் பற்றி வெள்ளைக்காரர் எவரோ எழுதியிருக்கிறார் போலும் என்று எண்ணி எடுத்தேன். ஏமாந்தேன். ஆனால், அந்த ஏமாற்றத்துக்காக இன்று மகிழ்கிறேன்.

இது நம் சேலம் அன்று. அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியிலுள்ள மெய்ன் மாநிலத்தில் நடப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட ஒரு சிற்றூர். மக்கள் தொகை ஏறத்தாழ 1,300. முழுப்பெயர் ஜெருசலேம்ஸ் லாட். ஊரார் வாயில் தேய்ந்து சேலம்ஸ் லாட் ஆயிற்று. பெயர்க் காரணம் சுவையானது. ஜெருசலேம் என்பது முன்னொரு காலத்தில் அவ்வூர்க்காரர் ஒருவர் வளர்த்த பன்றியின் பெயர்! அது காட்டுக்குள் ஓடி வெறிகொண்டு திரிந்தது. 'ஜெருசலேமின் காட்டுப் பக்கம் போகாதீர்கள்' என்று பிள்ளைகளை எச்சரித்த சொல்லே ஊர்ப் பெயராக நிலைத்துவிட்டது. நம்மைச் சிரிக்க வைத்துக்கொண்டே, காட்டில் ஏதோ இருக்கிறது என்னும் அச்சத்தையும் ஆசிரியர் விதைத்துவிடுகிறார்.

அந்த ஆசிரியர் ஸ்டீபன் கிங். 1947இல் பிறந்தவர், மெய்னில் டர்ஹம் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர், பின்னர் அதே மாநிலத்தில் பள்ளி ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றியவர். பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய 'டிராகுலா'வை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. அந்த இரத்தக் காட்டேரி இக்கால அமெரிக்காவுக்கு வந்தால் என்ன ஆகும்? பெருநகரில் வந்து இறங்கினால் டாக்சியில் அடிபட்டுச் செத்துப்போகும் என்று வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்கள். சரி, ஒரு சிற்றூருக்கு வந்தால்? அக்கேள்விக்கு விடையாக 1975இல் வெளிவந்ததே இந்நாவல். அவர் வெளியிட்ட இரண்டாவது நாவல் இது.

கதை இதுதான். பென் மியர்ஸ் என்னும் எழுத்தாளன் இளமையில் வாழ்ந்த ஊருக்குத் திரும்பி வருகிறான். குன்றின் மேலுள்ள மார்ஸ்டன் மாளிகை சிறுவயதில் அவனை நடுங்க வைத்தது. இப்போது அம்மாளிகையை வெளியூரார் இருவர் வாங்கியிருக்கின்றனர். ஒருவர் ஸ்ட்ரேக்கர்; பழைய மரச்சாமான் கடை வைக்கிறார். இன்னொருவர் பார்லோ, அவரைப் பகலில் எவரும் பார்த்ததில்லை. ஒரு நாய் கொல்லப்பட்டு இடுகாட்டு வாயிலில் தொங்குகிறது. ஒரு சிறுவன் காணாமற் போகிறான். அவன் அண்ணன் இறக்கிறான். புதைக்கப்பட்டவர்கள் இரவில் எழுந்து வருகிறார்கள்.

இதில் அச்சம் எப்படிப் பிறக்கிறது? நான் கண்டவை மூன்று.

முதலாவது, ஆசிரியர் அவசரப்படுவதில்லை. பேயைக் காட்டுமுன் ஊரைக் காட்டுகிறார். அதிகாலை நான்கு மணிக்குப் பால் கறக்கும் பிள்ளைகளில் தொடங்கி, மணிக்கு மணி ஊரின் ஒருநாள் வாழ்வை ஓர் அத்தியாயம் முழுவதும் சொல்கிறார். யார் குடிக்கிறார், யார் பிள்ளையை அடிக்கிறார், யார் ஒட்டுக் கேட்கிறார் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. முகம் தெரிந்தவர் மறையும்போதுதானே நெஞ்சு பதறும்!

இரண்டாவது, இந்தக் காட்டேரி அழையாமல் வீட்டுக்குள் நுழைய முடியாது. இறந்துபோன சிறுவன் இரவில் மேல்மாடிச் சன்னலைப் பிறாண்டி, நண்பனிடம் உள்ளே விடும்படி கெஞ்சுகிறான். மறுக்க மனம் வருமா? தீமை அறிமுகமான முகத்தோடு வந்து நம் சம்மதத்தைக் கேட்கிறது. ஊருக்குள் அது வந்ததும் இப்படித்தான். நிலத் தரகர் லாரி கிராக்கெட், பெரும் இலாபம் தரும் நிலத்துக்கு ஆசைப்பட்டு, வாயைத் திறப்பதில்லை என்ற நிபந்தனையோடு மாளிகையை விற்றார். முதல் கதவைத் திறந்தது அவருடைய பேராசை அல்லவா?

மூன்றாவது, ஊர் பேசுவதில்லை. ஒவ்வொரு வீடாகத் திரைச்சீலை மூடிக்கொள்கிறது. கடைகள் திறப்பதில்லை. "அவருக்கு உடம்பு சரியில்லை போலும்" என்று அடுத்த வீட்டார் எண்ணிக்கொள்கிறார்கள். மறுநாள் அந்த அடுத்த வீடும் திறப்பதில்லை! ஊர்க் காவலரோ, இந்த ஊர் முன்பே செத்த ஊர், அதனால்தான் அவன் இங்கு வந்தான் என்று கூறிவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு போகிறார். காட்டேரியை எதிர்க்க முன்வருவோர் பென், ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு மருத்துவர், ஒரு பாதிரியார், ஓர் இளம்பெண், ஒரு சிறுவன் என்று விரல் விட்டு எண்ணத்தக்கவர்களே.

இந்நாவல் எழுதப்பட்ட காலத்தில் அமெரிக்காவை உலுக்கிக்கொண்டிருந்தது வாட்டர்கேட் விவகாரம். 1973இல் நடந்த செனட் விசாரணை தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. 1974இல் குடியரசுத் தலைவர் நிக்சன் பதவி விலகினார். மூடிய கதவுகளுக்குப் பின்னால் எதையோ மறைக்கிறார்கள் என்ற அன்றைய அச்சம் தம் கதைக்குள் புகுந்ததை ஆசிரியரே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். காட்டேரியைவிட, பட்டப்பகலில் வெறிச்சோடிக் கிடக்கும் ஊரே தம்மை அதிகம் அச்சுறுத்தியது என்றும் கூறியிருக்கிறார்.

இதைப் படித்து முடித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சன்னலுக்கு வெளியே பேய் நிற்கும் என்ற பயத்தால் அன்று. சென்ற ஆண்டு விடுதியில் எங்கள் அறைக்கு இரண்டு அறை தள்ளி ஒரு நண்பன் இருந்தான். மூன்று நாட்களாக அவன் உணவுக்கூடத்துக்கு வரவில்லை. ஊருக்குப் போயிருப்பான் என்று எண்ணிக்கொண்டேன். நாள்தோறும் அந்தக் கதவைக் கடந்தேதான் நான் வகுப்புக்குச் சென்றேன். நான்காம் நாள் காவலாளித் தாத்தா கதவைத் தட்டியபோது, அவன் கடும் காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தான். பிழைத்துக்கொண்டான். ஆயினும், என்னைப் பார்த்து அவன் ஒன்றும் கேட்கவில்லை என்பதே இன்றும் என்னை உறுத்துகிறது.

நாவலின் இறுதியில் பென்னும் அந்தச் சிறுவனும் ஊருக்குத் தீ வைக்கிறார்கள். அவ்வளவு தூரம் போகவேண்டிய தேவை நமக்கு வராமலிருக்கட்டும். நண்பர்களே, பேய் உண்டா இல்லையா என்று நாம் விவாதித்துக்கொண்டே இருக்கலாம். அதற்கிடையில், இரண்டு நாளாகத் திறக்காத கதவு ஏதேனும் நம் வரிசையில் இருந்தால், முதலில் அதைத் தட்டிவிட்டு வருவோம்.