நேயர் விருப்பமும் நேர நியாயமும்

எமது நகரத்தில் சில நண்பர்கள் இணைய வானொலி ஒன்றை நடத்துகிறார்கள். வாரத்தில் மூன்று இரவுகள் நேயர் விருப்பம். எட்டு மணியிலிருந்து வட்ஸ்அப்பில் பாட்டுக் கேட்கலாம், முந்தியவருக்கு முதலிடம். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பின்னேர வேலை பத்து மணிக்குத்தான் முடிகிறது. கை கழுவிவிட்டுத் தொலைபேசியை எடுக்கும்போது பட்டியல் எப்போதோ நிரம்பியிருக்கும். நிரப்பியவர்கள் பெரும்பாலும் அதே ஏழெட்டுப் பேர். இதை அறிவிப்பாளரிடம் சொன்னேன். "எல்லோருக்கும் ஒரே விதிதானே, சேர்" என்றார்.

ஒரே விதி என்பது உண்மை. ஆனால் அது எல்லோர்மீதும் ஒரே விதமாகவா விழுகிறது? முந்தியவருக்கு முதலிடம் என்பது, நடைமுறையில், ஓய்வு உள்ளவருக்கு முதலிடம் என்பதே. இரவு வேலைக்காரருக்கும் பிள்ளையைத் தூங்கவைக்கும் தாய்க்கும் அங்கே இடமில்லை.

கணக்கைப் பார்ப்போம். ஒரு மணித்தியாலத்தில் அறிவிப்புக்கும் வாழ்த்துக்கும் பன்னிரண்டு நிமிடம் போனால் மீதி 48. பாட்டொன்றுக்கு நாலு நிமிடம் என்றால் பன்னிரண்டு பாட்டு. நாற்பது பேர் கேட்டால் இருபத்தெட்டுப் பேருக்குக் கிடைக்காது. ஆகவே எல்லை வேண்டுமா, வேண்டாமா என்பது விவாதமே அல்ல. எல்லையைக் கடிகாரம் ஏற்கெனவே போட்டுவிட்டது. அதை எந்த அளவுகோலால் பங்கிடுவது என்பதே கேள்வி.

எல்லைகள் இருவகை. ஒன்று எண்ணிக்கை பற்றியது. மற்றது ரசனை பற்றியது. இரண்டாவது வகைக்கு நல்ல உதாரணம் எமக்கு அருகிலேயே உண்டு. 1952 இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல் தரக்குறைவானது என்று கருதி அகில இந்திய வானொலியில் அதற்கான இடத்தைச் சுருக்கினார். நேயர்கள் ரசனையை மாற்றவில்லை, நிலையத்தை மாற்றினார்கள். அதே ஆண்டின் இறுதியில் இலங்கை வானொலியில் தொடங்கிய அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' இந்தி நேயர்களைக் கொழும்பின் பக்கம் திருப்பியது. 1957 இல் இந்திய அரசே விவித பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. கீத்மாலாவிலும் எல்லை இருந்தது. நெடுநாள் பட்டியலில் நின்ற பாட்டுக்கு 'சர்தாஜ்' என்று மகுடம் சூட்டி, அதைப் போட்டியிலிருந்து விலக்கினார்கள். எவரும் அவமதிக்கப்படவில்லை, புதிய பாட்டுகளுக்கு வழி விடப்பட்டது.

எண்ணிக்கை எல்லைக்கு இன்னொரு உதாரணம் அமெரிக்காவின் 1998 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். அதன் பொது உரிமத்தில் இயங்கும் இணைய வானொலி, மூன்று மணித்தியாலத்துள் ஒரே கலைஞரின் பாட்டு நாலுக்கு மேல் ஒலிபரப்பக் கூடாது. ஒரே இசைத்தட்டிலிருந்து மூன்றுக்கு மேல் கூடாது. நேயர் கேட்டதை ஒரு மணித்தியாலத்துள் போடுவதே நிகழ்ச்சிகளின் பெரும்பகுதியாகிவிட்டால் அந்த உரிமம் பொருந்தாது. இச்சட்டம் காப்பது இசைத்தட்டு விற்பவரின் நலனை, நேயரின் நலனை அல்ல. ஆயினும் எவருடைய ரசனையையும் அது விசாரிப்பதில்லை, எண்ணுவதோடு நின்றுவிடுகிறது.

வாக்கெடுப்பு வைக்கலாமே என்பர் சிலர். அப்படியானால் பெரும்பான்மை விரும்பும் பத்துப் பாட்டே தினமும் ஒலிக்கும். கூத்துப்பாட்டுக் கேட்கும் ஒருவரின் முறை ஒருபோதும் வராது. பெரும்பான்மையின் கீழ் வாழ்ந்த அனுபவம் உள்ள எமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நான் முன்வைப்பது இவை: ஒருவருக்கு வாரம் ஒரு பாட்டு. அண்மையில் பெற்றவர் பின்னுக்கும், பெறாதவர் முன்னுக்கும் நிற்கட்டும். பட்டியலின் பாதி, முதல்நாளே வந்த வேண்டுகோள்களுக்கு ஒதுக்கப்படட்டும். ஒலித்த பாட்டு இரண்டு வாரம் ஓய்வெடுக்கட்டும். ஒரு தொலைபேசி இலக்கத்துக்கு இரண்டு பேர் வரை அனுமதிக்கலாம். பேரனின் தொலைபேசியில் கேட்கும் அம்மம்மாவையும் நினைக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதுவே முக்கியமானது. என்னோடு வேலை செய்யும் ஒருவர், போரில் இறந்த தம்பியின் நினைவாக ஒரு பழைய திரைப்பாட்டைக் கேட்டார். 'நேரமில்லை' என்று பதில் வந்தது. அன்றிரவு ஒரே குடும்பத்துக்கு மூன்று பாட்டு ஒலித்தது. தம்பி இருந்த இயக்கம் எது என்பது நிலையத்தாருக்குத் தெரியும். பாட்டில் குற்றமில்லை, பெயரில்தான் குற்றம். ரசனைக்கும் அரசியலுக்கும் போடும் தடை, நேரக் கணக்கின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வருவது இப்படித்தான். இதைத் தடுக்க வழி ஒன்றே. விதியை எழுதி எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும். விடுபட்ட வேண்டுகோள்களையும் காரணத்தோடு வெளியிட வேண்டும்.

எமது மொழியில் கேட்டல் என்றால் வேண்டுதலும் செவிமடுத்தலும் ஆகும். தனது பாட்டைக் கேட்பவர் அடுத்தவர் பாட்டையும் கேட்கத்தான் வேண்டும். இவை முடிந்த முடிவுகள் அல்ல. நிலையம் நடத்தும் நண்பர்கள் பதில் எழுதினால் விவாதம் தொடரலாம்.