கோதுமை மூட்டை முதல் மில்லிகிராம் வரை

1958-இல் கேரளத்தில் கோதுமை மாவுப் பண்டம் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். உணவுச் சரக்கோடு சேர்த்து ஏற்றிவந்த பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கசிந்து அதில் கலந்திருந்தது. விசாரணை நடந்தது. பத்தாண்டு கழித்து, 1968-இல், பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தின் கண்ணெல்லாம் மருந்து டப்பாவின் மேல். யார் தயாரிக்கலாம், யார் விற்கலாம், எப்படி ஏற்றிச் செல்ல வேண்டும் என்றெல்லாம் விதித்தது. விளைந்த காயில் எவ்வளவு மிஞ்சலாம் என்பதோ உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் பொறுப்பு. ஒரு துறை மருந்தை வயலுக்கு அனுமதித்துவிடும்; இன்னொரு துறையில் அதன் எச்சத்துக்கு வரம்பே எழுதப்படாமல் கிடக்கும். 2003-இல் டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் பாட்டில் தண்ணீரிலும் குளிர்பானங்களிலும் பூச்சிமருந்து இருப்பதை வெளியிட்டபோது நாடே பதறியது. சரத் பவார் தலைமையிலான நாடாளுமன்றக் கூட்டுக்குழு அந்த இடைவெளியையும் சுட்டிக்காட்டியது.

இன்று 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பயிர்வாரியாக, மருந்துவாரியாக வரம்பு வகுக்கிறது. பரிந்துரைத்த அளவு தெளித்து, காத்திருப்புக் காலம் முடிந்து அறுத்தால் எவ்வளவு எச்சம் நிற்கும் என்று வயலில் சோதிக்கிறார்கள். விலங்குச் சோதனையில் தீங்கு தராத அளவைப் பொதுவாக நூறால் வகுத்து, மனிதர் தினமும் உட்கொள்ளத்தக்க அளவைக் கணிக்கிறார்கள். மொத்த உணவில் சேரும் எச்சம் அதைத் தாண்டக் கூடாது. வரம்பு வகுக்காத மருந்துக்குப் பொது அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்: பத்து டன் லாரிகள் பத்தில் நிறைந்த தக்காளியில் ஒரே ஒரு கிராம்.

ஐரோப்பாவின் பொது அளவும் இதேதான். ஆனால், அங்கே போகும் மராட்டியத் திராட்சைக்குத் தோட்டப் பதிவும் ஆய்வகச் சான்றும் கட்டாயம். 2010-இல் குளோர்மெக்வாட் என்ற பயிர் வளர்ச்சிக் கட்டுப்படுத்தியின் எச்சத்தால் சரக்கு திருப்பப்பட்ட பிறகு கண்காணிப்பு இன்னும் இறுகியது. உள்ளூர்ச் சந்தைக்கு வரும் காய்கறியிலோ அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மாதிரி எடுக்கிறார்கள். முடிவு வருமுன் காய் சமையலாகிவிடும். அன்று எழுதப்பட்ட வரம்பு போதவில்லை. இன்று எழுதிய வரம்பை அளந்து பார்க்க ஆய்வகம் போதவில்லை.